வீட்டிலேயே ஹேமக்கும் அதை மாட்ட ஸ்டாண்டும் செய்ய முடியுமா?

சுவரில் துளை போட முடியாது, கட்டுவதற்கு மரம் இல்லை, தச்சு வேலையும் தெரியாது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் தடையில்லை, தாராளமாகச் செய்யலாம். ஹேமக் என்பது இரு முனையிலும் கட்டித் தொங்கவிடும் படுக்கை; வெறும் துணியும் கயிறும்தான். பலர் கோட்டை விடுவது ஸ்டாண்டில்.

80 கிலோ ஆள் படுத்தால் பக்கத்துக்கு 40 கிலோ தாங்கினால் போதாதா என்று தோன்றும். கயிறு செங்குத்தாகத் தொங்கினால்தான் அந்தக் கணக்கு. ஹேமக்கில் கயிறு சாய்ந்திருக்கும். கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வு என்றால் ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவை. கட்டில் மாதிரி சமமாக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டி 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால், பக்கத்துக்குச் சுமார் 230 கிலோ! ஆளும் அதே ஆள், துணியும் அதே துணி. அதனால் எதில் கட்டினாலும் நன்றாகத் தொய்வு விட்டுத்தான் கட்ட வேண்டும். துணியின் இரு முனைகளுக்கும் இடையே நேர்க்கோட்டில் உள்ள தூரம், துணி நீளத்தில் 83 சதவீதம் இருக்கட்டும். 3 மீட்டர் துணிக்கு 2.5 மீட்டர். அப்போது சாய்வு தானாகவே 30 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

துணி 3.3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் எடுங்கள். முனைகளை மடக்கிக் கட்டியபின் 3 மீட்டர் நிற்கும். நெருக்கமாக நெய்த கெட்டியான பருத்தி அல்லது கேன்வாஸ் நல்லது. பழைய விரிப்பு என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எங்காவது நைந்து வெளிறித் தெரிந்தால் வேண்டாம். முனையைப் புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல் அகலவாட்டில் மடித்துச் சேர்த்து, கடைசி 15 செ.மீ.யைப் பின்னால் மடக்கி, மடிந்த முனையிலிருந்து கொஞ்சம் உள்பக்கமாக, இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மடக்கிய பகுதி குமிழ்போல் நிற்பதால் கட்டு உருவிக்கொண்டு வராது. தையலே தேவையில்லை. கயிறு 10 மி.மீ. பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். ராத்திரி உயரத்தில் இருந்தவர் காலையில் தரையைத் தொடுவார்.

இனி ஸ்டாண்ட். அடியில் ஒரு சட்டம், இரண்டு ஓரத்திலும் நெட்டுக்குத்தாக ஒவ்வொரு கம்பம் என்றுதான் முதலில் மனதில் வரும். 30 டிகிரியிலும் ஒவ்வொரு கம்பத்தின் தலையையும் சுமார் 70 கிலோ உள்பக்கமாக இழுக்கும். அது நெம்புகோல் வேலை செய்து அடிமூட்டைப் பிளக்கப் பார்க்கும். ஸ்க்ரூ போட்டால் பிடுங்கிக்கொண்டு வரும். அதைத் தாங்க நிஜமாகவே தச்சர் வேண்டும்.

இதைவிட எளிது, ஏழு கழிகள். இரண்டு முனையிலும் முக்காலி, மேலே ஒரு குறுக்குக் கழி. இரண்டு பக்க இழுவையும் குறுக்குக் கழியை அமுக்கி ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். கால்களுக்கு வருவது கீழ்நோக்கிய எடை மட்டும்.

கால்கள் 2 மீட்டர், குறுக்குக் கழி 3 மீட்டர்; 5 செ.மீ.க்குக் குறையாத கனமுள்ள, கணுவும் விரிசலும் இல்லாத மரம். மூன்று கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மேலிருந்து 20 செ.மீ. தள்ளி, கயிற்றை மேலும் கீழுமாகப் பின்னி ஆறேழு சுற்று சுற்றுங்கள். ரொம்ப இறுக்க வேண்டாம். அப்புறம் கால்களின் இடுக்குகளில் குறுக்கே இரண்டிரண்டு சுற்று போட்டு முடிச்சிடுங்கள். நிமிர்த்தி விரிக்கும்போது கட்டு தானாக இறுகும். இரண்டு கால்கள் பக்கவாட்டிலும் ஒன்று வெளிப்பக்கமாகவும் நிற்கட்டும். உள்பக்கம் கால் வந்தால் துணி உரசும். வழவழப்பான தரையில் கால்கள் விரிந்து சறுக்கும் என்பதால் மூன்று பாதங்களையும் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

குறுக்குக் கழியை இரண்டு முக்காலிகளின் உச்சிக் கவட்டையிலும் படுக்கவைத்துக் கட்டுங்கள். அதில் ஹேமக் கயிற்றை முக்காலிக்கு ஒட்டியே மாட்ட வேண்டும். வெறுமனே சுற்றினால் நடுவை நோக்கி நழுவும். கழியில் துளையிட்டு ஒரு போல்ட்டை ஊடுருவ விட்டு, கயிற்று வளையத்தை அதற்கு வெளிப்பக்கம் போடுங்கள்.

உட்கார்ந்தால் தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரம் இருந்தால் சரி. முதலில் கையால் துணியை அழுத்தி எடையைப் போட்டுப் பாருங்கள், பிறகு மெதுவாக உட்காருங்கள். படுக்கும்போது நேராகப் படுக்காமல் குறுக்குச் சாய்வாகப் படுத்தால்தான் முதுகு வளையாது. அகலம் 1.5 மீட்டர் கேட்பது இதற்காகத்தான். முனைகளில் கட்டை வைத்து விரிக்கும் வகை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் சுலபமாகக் கவிழும். எனக்குப் பிடிக்காது.

பிள்ளைகள் இதை ஊஞ்சலாக வீசி ஆடக் கூடாது. இந்த ஸ்டாண்ட் படுப்பதற்கு மட்டுமே. படுத்து எழுந்ததும் துணியையாவது கழற்றி உள்ளே வையுங்கள், வெயில் நூலை இற்றுப்போக வைக்கும்.