பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் மகளிர் பக்கம் நடத்திய பெண்களைப் பற்றி ஆராய எங்கிருந்து தொடங்கலாம்?

நீங்கள் ஆய்வு மாணவி என்று நினைக்கிறேன். சமையற் குறிப்பும் தையலும் வந்த பக்கத்தில் ஆராய என்ன இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், எனக்கும் சொன்னார்கள். நான் பல்கலைக்கழகத்துக்காரி இல்லை, மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆகவே முறையியல் பிழை என்று யாரும் கீழே சண்டைக்கு வர வேண்டாம்.

வீடுகளில் தொடங்குங்கள். சுவடிக்கூடம் அப்புறம்.

என் பெரியம்மா ஆரையம்பதிக்காரி. அறுபதுகளில் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மாதர் பகுதிக்கு எழுதி, பிறகு அங்கேயே தங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர், கலியாணத்தோடு விட்டுவிட்டார். வீட்டில் யாரும் அதை ஒரு உத்தியோகமாக எண்ணியதே இல்லை. "அவ முந்திப் பேப்பருக்கு எழுதுவா", அவ்வளவுதான். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் கூரையோடு போனது போக மிஞ்சியது தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. கோதுமை மாப் பசையால் ஒட்டிய துண்டுகள், பசைக்கு வந்த பூச்சி எழுத்தையும் தின்றிருந்தது. தன் எழுத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டியிருக்கிறார், அதனால் திகதியும் இல்லை, பத்திரிகையின் பெயரும் இல்லை. பசை விட்டுக் கழன்ற ஒரு துண்டைத் திருப்பினால், பிரதமர் பண்டாரநாயக்கா கொலை வழக்கில் சோமாராம என்ற பிக்கு தூக்கிலிடப்பட்ட செய்தியில் பாதி. அப்படியென்றால் 1962 ஜூலை! அதை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் புரட்டித்தான் முழுப் பக்கத்தையும் கண்டேன்.

அந்தப் பக்கத்தில் குழந்தையின் வயிற்றோட்டத்துக்கு என்ன செய்வது என்று ஒருவர், பலகாரம் பற்றி ஒருவர், படிப்பை நிறுத்தப் பார்க்கும் தகப்பனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லும் ஒருவர் என்று மூன்று புனைபெயர்கள். மூன்றும் பெரியம்மாதான். கொப்பியில் மூன்று பெயரும் இருந்ததால் தெரிந்தது, கொழும்பில் எத்தனை வருடம் உட்கார்ந்து புரட்டினாலும் தெரிந்திருக்காது.

நிலைத்து நின்றவர்களை நமக்குத் தெரியும். அறுபதுகளில் வீரகேசரியில் சேர்ந்து பல பதிற்றாண்டுகள் எழுதிய அன்னலட்சுமி இராஜதுரையைத் தெரியாதவர் குறைவு. அவருக்கும் முன்னால், கணவர், தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரோடு மலையகத்தில் பத்திரிகை வேலை செய்த மீனாட்சி அம்மாள். நாலைந்து வருடம் செய்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பியவர்கள்தான் அடியோடு மறைந்துபோனார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பெண்கள் பக்கங்களுக்கென்று 1960இல் பென்னி-மிசூரி விருது தொடங்கினார்கள், 1969இல் வாஷிங்டன் போஸ்ட் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு 'ஸ்டைல்' என்று போட்டது, அந்தக் காலத்தில் பல ஊர்களில் அந்த ஆசிரியைகளைக் கீழிறக்கினார்கள். அப்படிக் கீழிறக்கப்பட்ட மார்ஜோரி பாக்ஸன் பிறகு ஒரு நாளிதழின் வெளியீட்டாளராகவே வந்தார். 1987இல் அவர் கொடுத்த 50,000 டொலரில்தான் மிசூரியில் ஊடகப் பெண்களுக்கென்று ஒரு ஆவணத் தொகுப்பு தொடங்கியது. பெண்ணியம் பேச வந்துவிட்டாள் என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெரியம்மா பார்த்தது சம்பளத்துக்கு, வாராவாரம் நேரத்துக்குப் பக்கம் முடித்துக் கொடுக்கிற வேலை. அதே வேலையை ஒரு ஆண் செய்திருந்தால் ஊரில் நினைவு மலர் போட்டிருப்பார்கள்.

மலர் என்றதும் நெஞ்சு எரிகிறது. ஏதோ ஒரு மலருக்கு என்று சொல்லி, பெரியம்மா அலுவலக மேசையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மலரும் வந்தது, படமும் அச்சாகியிருந்தது, அடியில் "ஒரு வாசகி" என்று போட்டிருந்தார்கள். மூலப்படம் இன்றுவரை திரும்பி வரவில்லை, கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுகிறார். நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கேயே இருந்து போனில் படம் எடுங்கள், துண்டுகளின் பின்பக்கத்தையும் சேர்த்து. கொப்பியை அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.