கச்சான் காத்து வெக்கையும் பழைய பைக்கும்: கேள்வி-பதில்

கேள்வி: ஹொண்டா சிடி 125 வச்சிருக்கிறன். மத்தியானம் கந்தளாய் போய் வந்தா எஞ்சின் கொதிக்குது. ரேடியேட்டர் உள்ள பைக்குக்கு மாறவா? (உப்புவெளி)

பதில்: மாற வேணாம். காத்தில ஆறுற எஞ்சின் சுடத்தான் செய்யும், ஓடேக்க காத்து பட்டு ஆறும், ஸ்டார்ட்டில விட்டுட்டு ரோட்டோரம் நிண்டு கதைக்கிறதுதான் கூடாது. எஞ்சினைச் சுத்தி இருக்கிற தகடுகளுக்கு (ஃபின்ஸ்) இடையில காய்ஞ்ச சேறு இருந்தா கழுவுங்கோ. ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு ஓடுறீங்களெண்டா திரும்பப் போடுங்கோ, காத்து கூடிப் பெற்றோல் குறைஞ்சா சூடு இன்னும் ஏறும்.

கேள்வி: வீட்ட வந்த உடன எஞ்சினுக்குத் தண்ணி அடிச்சு ஆத்தலாமா? (கிண்ணியா)

பதில்: கூடாது. நிழல்ல விடுங்கோ.

கேள்வி: மகன்ட பைக்குக்கு சீல் கான் எண்டு ஒயில் வாங்கினம். கொஞ்ச நாள்லயே கறுத்து, தண்ணியாப் போச்சு, எஞ்சின்ல சத்தம். கடைக்காரர் தான் விக்கேல்லயாம். பில் இல்லை. (நிலாவெளி)

பதில்: அம்மா, உங்கட பிழை இல்லை. கறுக்கிறது பரவாயில்லை, அழுக்கை எடுத்தா ஒயில் கறுக்கும், தண்ணியாப் போனதுதான் பிழை. இந்த ஒயில் விளையாட்டைப் பார்த்தா எனக்குப் பத்திக்கொண்டு வருது. ரேடியேட்டர் இல்லாத எஞ்சினுக்குள்ள சூட்டை எடுக்கிறதும் ஒயில்தான், தேயாமக் காக்கிறதும் ஒயில்தான், அதில கலப்படம் செய்யிறவன் உங்கட மகன்ட எஞ்சினையே தின்னுறான். வெறும் கானை வாங்கி, பழைய ஒயிலை வடிச்சு ஊத்தி, மூடியை ஒட்டி விக்கிறாங்கள். அதால ஒயில் மாத்தின உடன வெறும் கானை ஓட்டை போட்டு எறியுங்கோ, கராஜில விட்டுட்டு வராதேங்கோ. மிச்ச ஒயிலையும் கானையும் பத்திரமா வச்சுக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சுச் சொல்லுங்கோ. கேட்டா ரசீது குடுக்கோணும் எண்டு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில இருக்கு, இனிமேல் கேக்காம வராதேங்கோ.

கேள்வி: ஃபோட்டோ பார்த்து ஆர்எக்ஸ் 100 ஒண்டுக்கு அட்வான்ஸ் குடுத்திட்டன். இனி என்னத்தப் பார்க்கோணும்? (திருகோணமலை டவுன்)

பதில்: பார்த்திட்டெல்லோ காசு குடுக்கிறது தம்பி! ஃபோட்டோவில எஞ்சின் சத்தம் கேக்குமா? மிச்சக் காசைக் குடுக்க முன்னம் மத்தியான வெயில்ல போங்கோ. முதல்ல எஞ்சினைத் தொடுங்கோ, சூடா இருந்தா ஆள் முன்னமே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கிறார். அரை மணித்தியாலம் ஓடி, நிப்பாட்டி, உடன திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ. எனக்கு ஒருத்தர் விடிய வெள்ளன வரச்சொல்லி ஒரு பைக்கை வித்தவர், குளிர்ல நல்லா ஓடினது, வெயில் ஏறினா நிண்டிடும், பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயில் பழுதாப் போயிருந்தது, அது தெரிஞ்சுதான் விடிய வரச்சொன்னவர். சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோட ஒத்துவராட்டி அட்வான்ஸை மறந்திட்டு, பைக்கை எடுக்காமத் திரும்பி வந்திடுங்கோ.

கேள்வி: கார் ஒயில் மிச்சம் கிடக்கு, பைக்குக்கு ஊத்தலாமா? (மூதூர்)

பதில்: வேணாம், கிளட்ச் வழுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கெண்டா கான்ல ஜாசோ எம்ஏ (JASO MA) எண்ட பைக் ஒயில் தரக் குறி இருக்கோணும்.