அத்திரிபாச்சாவை எந்த அடுக்கில் வைப்பது?

கேள்வி: குழந்தைகளுக்காக இந்திய நாட்டுப்புறக் கதைகளின் மின்நூலகம் ஒன்றை உருவாக்கி வருகிறேன். பெரியவர்களைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தவை, பழைய புத்தகங்களில் எடுத்தவை என இருநூறு கதைகள் சேர்ந்துவிட்டன. மாநிலவாரியாகப் பிரிக்கலாமா? பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: மாநிலவாரி வேண்டாம். எந்தக் குழந்தையும் ராஜஸ்தான் கதை வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. நரிக் கதை, பேய்க் கதை, தூங்கப் போகுமுன் சின்னதாக ஒன்று என்றுதான் கேட்கும். முகப்பையும் அப்படியே அமையுங்கள். மாநிலம், மொழி, சொன்னவரின் ஊர் எல்லாம் கதையின் விவரக் குறிப்பில் இருக்கட்டும். அவை கட்டாயம் வேண்டும், ஆனால் வாசலில் வேண்டாம்.

கதைகளும் எல்லைக்குள் நிற்பவை அல்ல. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடாமலிருக்க அதையே முணுமுணுத்துக்கொண்டு வருகிறான். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது “அத்திரிபாச்சா” என்று குதிக்கிறான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்யச் சொல்லி ரகளை செய்கிறான். இந்தியில் அவனுடைய பங்காளி ஒருவன் உண்டு. அவன் கிச்சடியைக் “காச்சிடி” ஆக்குகிறான்; ‘குருவியே தின்னு’ என்று பொருள் வந்துவிடுவதால் வயல்காரனிடம் உதை வாங்குகிறான். ‘குருவியே பறந்து போ’ என்று சொல்லச் சொல்லி அனுப்புகிறான் வயல்காரன். ஆர்ன்–தாம்சன்–ஊதர் என்னும் உலகக் கதைவகை அட்டவணையில் இந்த ‘மறந்த சொல்’ வகைக்கு எண் 1687. ஒவ்வொரு கதைக்கும் இந்த எண்ணைப் பதிந்து வைத்தால் பங்காளிகள் தாமாகவே சேர்ந்துகொள்வார்கள். குழந்தைக்கு எண் தெரிய வேண்டாம். “இதே கதை வேறு ஊரில்” என்று ஒரு பொத்தான் போதும். என்னைக் கேட்டால், மற்ற வசதிகள் எல்லாவற்றையும் விட இதற்குத்தான் முதலில் உழைப்பேன்.

இந்தக் கதைகளின் சிரிப்பு சொல்லின் ஓசையில் இருக்கிறது, மொழிபெயர்த்தால் செத்துவிடும். ஆகவே மூல மொழி ஒலிப்பதிவை வெட்டாமல், செருமலும் சிரிப்புமாக அப்படியே காப்பகத்தில் வையுங்கள். கொடூரமான தண்டனை, சாதி வசை போன்றவற்றை நீக்க நினைத்தால் குழந்தைகள் வாசிக்கும் பிரதியில் மட்டும் நீக்குங்கள்.

உரிமை விஷயம்: வாய்வழிக் கதை பொதுச்சொத்து, அதை ஒருவர் எழுதிய விதம் அவருடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 1906இல் மறைந்த நடேச சாஸ்திரி எழுதிய கதைகளைத் தாராளமாக எடுத்தாளலாம். 2021இல் மறைந்த கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு 2081 முடியும்வரை அனுமதி வேண்டும். ஓவியத்துக்குத் தனி உரிமை உண்டு; பழைய கதைக்குப் புதிய படம் போட்ட புத்தகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கதை சொன்னவர்களின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் சொல்லச் செய்யுங்கள். ஏற்கெனவே எடுத்த பதிவுகளுக்கு மறுபடியும் ஒரு நடை போகத்தான் வேண்டும்.

கணக்குத் தொடங்கி உள்ளே நுழையும் ஏற்பாடு வேண்டாம். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. நரிக் கதை படிக்க வந்த பிள்ளையிடம் பிறந்த தேதி எதற்கு?