காணியை ஈடு வைக்க முதல் மகன் ஃபோன்ல என்ன பாக்கிறான் எண்டு கேளுங்கோ

அக்கா, உங்கட மெசேஜ் வாசிச்சன். மகன் ஏஎல் மற்ஸ் செய்தவன், கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் இஞ்சினியரிங்குக்குக் காணேல்ல, லண்டன் மாமா கொழும்பில பிரைவேட் கம்பஸ்ல சொஃப்ட்வெயார் டிகிரிக்குப் போடச் சொல்லுறார், அரைவாசிக் காசு அவர் தருவாராம், மிச்சத்துக்குக் கொக்குவில் காணி உறுதியை ஈடு வைக்க யோசிக்கிறியள். உங்கட பயம் விளங்குது, ஆனா ஈடு வைக்கிறதுக்கு நான் ஓம் சொல்லமாட்டன். வட்டி கட்டப்போறது நீங்கள், மாமா இல்ல.

"திருவிழா ஸ்பீக்கர் செற்காரரோட திரியிறான், ஃபோன்ல கோடு கோடாப் பாத்துக்கொண்டு இருக்கிறான்" எண்டு குறையா எழுதியிருந்தியள் எல்லோ, அதைப் பற்றித்தான் நான் அவனோட கதைச்சன். ஸ்பீக்கர் செற்றின்ர அம்ப் இரைஞ்சிருக்கு, எல்லாரும் ஏர்த் பிழை எண்டு சொல்ல, இவன் சத்தத்தைக் கோடாப் பிரிச்சுக் காட்டுற ஃபோன் ஆப்ல பாத்தா கோடு 50 ஹேர்ட்ஸ்ல (செக்கனுக்கு 50 தரம் அதிருறது) இல்ல, 100லதான் உயரமா நிண்டிருக்கு. எங்கட கரண்ட் 50, அதை ஒரே பக்கமா ஓடுற டிசி ஆக்கேக்க மிஞ்சுற சிற்றலை 100, அதை மட்டப்படுத்திறது கப்பாசிற்றர், அப்ப பவர் சப்ளையில இருக்கிற கப்பாசிற்றர் பழுது எண்டு மாத்தியிருக்கிறான், இரைச்சல் நிண்டிட்டுது. ஆரும் சொல்லிக் குடுக்கேல்ல அக்கா.

இதுக்குப் பேர் ஸ்பெக்ட்ரம் அனலிசிஸ். கலந்து வாற சிக்னலுக்குள்ள எந்த ஃப்ரீக்குவென்சி எவ்வளவு இருக்கெண்டு பிரிச்சு அளக்கிறது. ஃபூரியர் 1822ல புத்தகமாப் போட்ட கணக்கு, அதைக் கம்ப்யூட்டர்ல கெதியாச் செய்யிற வழியை 1965ல கூலியும் ரூக்கியும் வெளியிட்டினம், அதுதான் அவன்ர ஃபோனுக்குள்ளயும் ஓடுது. ஃபோன் ரவர்ல இன்னொரு சிக்னல் வந்து குழப்பினா பிடிக்கிறதும் இந்த வேலைதான். எல்ஈடி லைற், கம்ப்யூட்டர் நிறைஞ்ச கட்டடத்தில கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயர் ஏன் சுடுகுதெண்டு பாக்கிறதும் இதுதான், கரண்ட் வாற மூண்டு ஃபேஸ் வயரிலயும் இருக்கிற 150 ஹேர்ட்ஸ் ஒண்டையொண்டு வெட்டாமல் நியூட்ரல்ல கூடும், சும்மா மீற்றரில அது பிரிஞ்சு தெரியாது.

இதுக்கு வழி மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின்ர தொழில்நுட்பவியல் நிறுவனம், ஹோமாகம பக்கம் தியகமவில இருக்கு. என்டிடி எண்டுற தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா, அரசாங்கப் படிப்பு, மூண்டு வருசம், அதில ஒரு வருசம் கம்பெனியில ட்ரெயினிங், எலெக்ட்ரோனிக்ஸ் அண்ட் டெலிகொமியூனிகேஷன் பிரிவு இருக்கு. விண்ணப்பம் தனியாப் போடவேணும், பல்கலைக்கழக அனுமதிக்கான யுஜிசி கையேட்டை மட்டும் பாத்துக்கொண்டு இருந்து எங்கட பிள்ளையள் தவறவிடுகினம். டிப்ளோமா எண்டு சொந்தக்காரர் முகம் சுழிப்பினம், சுழிக்கட்டும், ஸ்பெக்ட்ரம் அளக்கிற அனலைசர்ல கை வைக்கத் தெரிஞ்ச பெடியன் அதுக்குப் பிறகும் படிக்கலாம்.

சொஃப்ட்வெயார் கூடாதெண்டில்ல, அவனுக்கு அதில மனமில்ல, என்னட்ட நேராச் சொன்னவன். மனமில்லாததுக்குக் காணி போகக்கூடாது.

விண்ணப்பம் வரும்வரைக்கும் சும்மா இருக்கவேண்டாம். லப்டொப் சவுண்ட் கார்ட் செக்கனுக்கு 48,000 தரம் அளக்கும், அதால அதில அரைவாசி, 24,000 ஹேர்ட்ஸ் வரைக்கும் பாக்கலாம். முழு ஒரு செக்கன் சத்தம் எடுத்தா 1 ஹேர்ட்ஸ் வித்தியாசம் பிரியும், பத்தில ஒரு பங்கு எடுத்தா 10 ஹேர்ட்ஸ்தான் பிரியும், ஏனெண்டு அவனே செய்து பாத்துக் கொப்பியில எழுதட்டும். கரண்ட் பிளக்கை மட்டும் நேர சவுண்ட் கார்ட்டில குடுக்கவேண்டாமெண்டு கண்டிப்பாச் சொல்லுங்கோ. தியகமவில படிப்பு இங்கிலிஷில, காசு செலவழிக்கிறதெண்டா இப்பவே இங்கிலிஷ் வகுப்புக்குக் குடுங்கோ.