ஒடுக்கு எடுக்கும் கை: டிங்கர் வேலை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

முப்பது வருஷமாகக் கோவையில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். தகட்டைக் கையால் தட்டி நேராக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி வீட்டில் நிற்கிறது. நானே கற்றுக்கொண்டு சரிசெய்ய ஆசை. என்ன கருவி வாங்க வேண்டும்? (சென்னை)

ஆறு மாதத்துக்கு அப்பாவின் வண்டியில் கை வைக்காதீர்கள் தம்பி. புதுப்பேட்டையில் ஒரு பழைய பானெட்டையோ கதவையோ எடைக்கு வாங்கி, அதை அடித்துப் பழகுங்கள். டிங்கர் சுத்தியல் ஒன்று, டாலி (தட்டும்போது தகட்டுக்கு அடியில் கையால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) இரண்டு, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல் ஒன்று போதும். தடித்த தோல் பையில் சலித்த மணலை நிரப்பித் தைத்துக்கொண்டால், குழிவாகத் தட்ட அதுவே பட்டறைக் கல்.

சுத்தியல் முகத்தையும் டாலி முகத்தையும் எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து வையுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் தகட்டில் அப்படியே பதியும். அந்தச் சுத்தியலால் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது.

கேள்வி: டாலியை அடியில் பிடித்துத்தான் தட்டுகிறேன். ஆனால் தட்டத் தட்ட அந்த இடம் உப்பிக்கொண்டு வருகிறது. ஏன்? (சேலம்)

கற்க வருகிற எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. சுத்தியலுக்கும் டாலிக்கும் நடுவே தகடு நசுங்கினால் அது மெலிந்து பரவும். பரவிய தகட்டுக்குப் போக இடம் இல்லை. சுற்றிலும் நல்ல தகடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் மேலே எழும்புகிறது. நீங்கள் ஒடுக்கை எடுக்கவில்லை, தகட்டை நீட்டிவிட்டீர்கள்.

ஒடுக்கைச் சுற்றி ஒரு வரப்பு மாதிரி மேடு எழும்பியிருக்கும். தகட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். டாலியைக் குழிக்கு அடியில் வைத்து மேல்நோக்கி அழுத்துங்கள். சுத்தியலை டாலிக்கு நேராக இறக்காமல், பக்கத்து வரப்பின் மேல் தட்டுங்கள். வரப்பு இறங்க இறங்கக் குழி தானாக எழும்பி வரும். டாலிக்கு நேரே அடிப்பது கடைசியில், சின்னச் சின்ன மேடுபள்ளத்தைச் சமன் செய்ய மட்டும். அதுவும் மணிக்கட்டால், லேசாக.

வரிசையும் முக்கியம். வண்டி ஒரு கம்பத்தில் மோதினால் முதலில் விழுவது நடுக்குழி; ஓரத்து மடிப்புகள் அதன் பிறகு உண்டாகும். எடுக்கும்போது கடைசியில் வந்ததை முதலில் எடுங்கள். நேரே நடுக்குழிக்குப் போய் அடியிலிருந்து ஓங்கி அடித்தால் தகடு நீளும், மடிப்பும் போகாது. மடிந்த இடத்தில் இரும்பு இறுகியிருக்கும், அடிக்க அடிக்க இன்னும் இறுகும். அதனால் பத்து அடியில் முடிகிற வேலைக்கு நூறு அடி அடிக்காதீர்கள்.

கேள்வி: என் பானெட்டை விரலால் அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போகிறது, விட்டால் வெளியே வருகிறது. (திருப்பூர்)

அங்கே தகடு நீண்டுவிட்டது. இனி தட்டிப் பயனில்லை, சுருக்க வேண்டும். மேட்டின் உச்சியில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய இடத்தை மட்டும் கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சுங்கள். சூட்டில் அது மொட்டு மாதிரி எழும்பும். உடனே டாலியை அடியில் லேசாகத் தாங்கி, சுற்றிலும் தட்டி, பிறகு மொட்டைத் தட்டி அமுக்கி, ஈரத்துணியை வையுங்கள். குளிரும்போது அந்த இடம் சுற்றியுள்ள தகட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வைத்தால் இரும்பு கெட்டியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பாடித் தகட்டில் கார்பன் மிகக் குறைவு. ஒரு இடம் செய்ததும் நிறுத்தித் தடவிப் பாருங்கள். அளவுக்கு மீறிச் சுருக்கினால் மறுபடி நீட்டுவது பெரும்பாடு.

பழைய வண்டிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். புது வண்டிகளில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கிற தூண் போன்ற இடங்களில் அதிக வலுவுள்ள எஃகு இருக்கும். அதைக் காய்ச்சினால் வலு போய்விடும், விபத்தில் ஆளைக் காப்பாற்றாது. அங்கே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். ஒடுக்கை நிரப்பும் பசையான பட்டியைப் போட்டு மறைத்திருந்தால் எப்படித் தெரியும்? (மதுரை)

சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி பாடி மேல் நகர்த்துங்கள் அம்மா. எங்கே பிடி விடுகிறதோ அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் எங்குமே ஒட்டாது, அது வேறு. பட்டியே தப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நியாயம். விரல் தடிமனுக்கு அப்பினால் ஒருநாள் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், அடியில் துரு அரிக்கும்.

கேள்வி: எங்கட மொரிஸ் மைனரின்ர மட்காட்டுக்குக் கீழ துருப்பிடிச்சு ஓட்டை. கூரைத் தகரத்தை வெட்டிப் போடலாமோ? (யாழ்ப்பாணம்)

வேண்டாம் ஐயா. கூரைத் தகரம் பெரும்பாலும் விறைப்பானது, வளைத்தால் மடியும். அதன் மேல் துத்தநாகப் பூச்சு வேறு. வெல்டிங் வைக்கும்போது வருகிற புகை காய்ச்சலில் தள்ளும். சி.ஆர். தகடு (சூடாக்காமல் உருட்டித் தயாரித்த இரும்புத் தகடு), 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ., நன்றாக வளைந்து கொடுக்கிற ‘டீப் டிராயிங்’ தரம் என்று கேட்டு வாங்குங்கள். துருவை நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எறிய வேண்டும். வெல்டிங்கை ஒரே ஓட்டமாக ஓட்டாமல், எதிரெதிர் மூலையில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகு அடுத்தது. அவசரப்பட்டால் தகடு அப்பளமாக நெளியும்.

கேள்வி: அலுமினியத் தகட்டை எப்படி இளக்குவது? அது சிவக்கவே மாட்டேன் என்கிறது. (கரூர்)

சிவக்காது, திடீரென்று உருகி விழும். சோப்பைத் தேய்த்து, நெருப்பை ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள். சோப்பு கறுத்ததும் நெருப்பை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கை பழக எத்தனை நாள் ஆகும்? (திருநெல்வேலி)

கைக்கு முன்னால் தடவல் பழக வேண்டும். பருத்தித் துணியை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடித் தகட்டின் மேல் நீளவாக்கில் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். எனக்கு இது வர ஒரு வருஷம் ஆனது.

தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் இதைச் செய்யுங்கள். காதில் பஞ்சு போதாது, நல்ல அடைப்பான் போடுங்கள். ஒரு அடிச் சதுரத் தகட்டை மணல் மூட்டையில் வைத்து, கொட்டாப்புளியால் ஆழமில்லாத கிண்ணமாகத் தட்டுங்கள். பிறகு டாலி பிடித்து அதை வழவழப்பாக்குங்கள். பிறகு அதே கிண்ணத்தை மறுபடி தட்டையாக்கப் பாருங்கள். முதல் தகடு நிச்சயம் கோணும். அதில் தேதி எழுதிச் சுவரில் மாட்டிவிட்டு, இரண்டாவது தகட்டை வெட்டுங்கள்.