எந்த வகை ஆள் நான்? – கடிதம்

அன்புள்ள அய்யா,

எனக்கு 28 வயது, ஐ.டி. வேலை. நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் மாதிரித் தேர்வை இணையத்தில் மூன்று முறை எழுதினேன். இரண்டு முறை ஒரு வகை, மூன்றாம் முறை வேறு வகை. எது உண்மையான நான்? வேலையை விட்டுவிட்டுத் தனியாக இருந்து பார்க்கலாமா? தியானம் உதவுமா? வீட்டில் யாருக்கும் என்னைப் புரியவில்லை. ‘நீ எதையுமே முடிக்கமாட்டே’ என்று அக்கா சொன்ன நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலையை விடாதீர்கள். தியானத்தைப் பற்றி அதைப் பழகியவர்களிடம் கேளுங்கள்.

அந்தத் தேர்வு இருக்கட்டும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, அதில் எழுதியிருப்பது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4க்கு மேல் வந்தது. ஆனால் எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே குறிப்புதான், அதுவும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து தொகுத்தது. நம்மைப் பற்றி இதமாக யார் சொன்னாலும் நாம் ஒப்புக்கொள்கிறோம். அக்கா சொன்னது இதமாக இல்லை. அதனால் தள்ளிவிட்டீர்கள்.

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நான் உ.வே.சாமிநாதையரின் 1880ஆம் வருடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருக்கு 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் தமிழாசிரியர் ஆனவர். தான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, புராணம் என்று அடுக்குகிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். பிறகு கேட்கிறார்: சீவக சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை?

படித்ததில்லை.

அவமானமாக இருந்திருக்கும். ‘இங்கிலீஷ் படித்த அதிகாரிக்குத் தமிழ் என்ன தெரியும்’ என்று அவர் அன்றோடு ஒதுங்கியிருக்கலாம், ஊரும் அவர் பக்கம்தான் பேசியிருக்கும். அவர் ஒதுங்கவில்லை. முதலியாரிடமே திரும்பிப் போனார். அவரிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிவந்து உட்கார்ந்தார். புரியவில்லை. அது சமண நூல், இவரோ சைவ மடத்தில் படித்த ஸ்மார்த்த பிராமணர். கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு.

தனக்குள்ளே தேடி அவர் கண்டுபிடித்த ஆள் இல்லை, எஸ்., இந்த உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டு, ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் பாடபேதங்களைக் குறித்துவைத்து, அர்த்தம் தெரியாத சொல்லுக்காக இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து, அந்த வேலையில் உருவான ஆள். 1880க்கு முன்னால் அவர் எத்தனை நாள் கண்ணை மூடி யோசித்திருந்தாலும் இந்த ஆள் கிடைத்திருக்கமாட்டார். அப்போது அப்படி ஒருவர் இல்லவே இல்லை. நீங்களோ இன்னும் உருவாகாத ஒருவரை உள்ளே தேடுகிறீர்கள். தேடுவதே உழைப்பு என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

வீட்டில் யாருக்கும் உங்களைப் புரியவில்லை என்கிறீர்கள். உங்களை உங்கள் சிறுவயது முதல் பார்த்துவரும் ஒருத்தி தெளிவாக ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். அது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அது உங்களுக்கு வலித்திருக்கிறது. 16 வகையில் எந்த வகையும் உங்களுக்கு வலிக்கவில்லை.

இன்று ராத்திரி அக்காவுக்குப் போன் பண்ணுங்கள். எதையெல்லாம் நீங்கள் பாதியில் விட்டீர்கள் என்று அவள் நினைக்கிறாள், கேளுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். அவள் சொல்வதில் ஒன்றையாவது திரும்ப எடுத்து முடிக்க முடியுமா என்று பாருங்கள். எதை எடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.