ரஷ்ய மொழியில் ‘ஹார்ட்னெஸ்’: கேள்வி பதில்

காவிரிப் படுகையில் ரஷ்யாவுக்கான வேலை எடுத்தவர்களின் கேள்விகளுக்கு, உலோகத்துறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பதில்கள்.

துவாக்குடி: சார், ஷாஃப்டுக்கான டெஸ்ட் சர்டிபிகேட்டை ரஷ்ய மொழியில் கேட்கிறார்கள். ‘ஹார்ட்னெஸ்’ஸுக்கு அகராதியில் இரண்டு சொல் இருக்கிறதே?

பதில்: ‘த்வ்யோர்தஸ்த்’ போடுங்கள். குண்டையோ கூர்முனையையோ வைத்து அழுத்தும்போது பள்ளம் விழாமல் தாங்குகிற குணம் அது. ‘ஜோஸ்த்கஸ்த்’ என்பது வளைந்து கொடுக்காத விறைப்பு, ஸ்பிரிங்குக்குச் சரி. ராக்வெல் (கூர்முனையோ குண்டோ எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கும் சோதனை) மதிப்புக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டையே சந்தேகப்படுவார். சோதனை முறையையும் சேர்த்து ‘த்வ்யோர்தஸ்த் ப ரோக்வெல்லு’ என்று முழுசாக எழுதுங்கள்.

தஞ்சாவூர்: பாய்லர் கையேடு செய்கிறேன். ஃபீட் வாட்டர், அதாவது பாய்லருக்குள் விடும் தண்ணீரின் ஹார்ட்னெஸ்ஸுக்கும் அதே சொல்தானா?

பதில்: இல்லை, இங்கே ‘ஜோஸ்த்கஸ்த்’தான். போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்கிறோமே, அந்தக் கடினம். சொல்லோடு நிறுத்தாமல் அலகையும் பாருங்கள். நம் லேப் ரிப்போர்ட் கால்சியம் கார்பனேட் கணக்கில் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) தரும், ரஷ்யர்கள் லிட்டருக்கு மில்லிகிராம் ஈக்விவலென்ட்டில் பார்ப்பார்கள். அவர்களின் 1, நமக்குச் சுமார் 50. 300 பி.பி.எம். என்றால் அங்கே 6.

கும்பகோணம்: ஹார்டனிங், டெம்பரிங், ஹார்டனபிலிட்டி மூன்றுக்கும் சொல் வேண்டும், ஐயா.

பதில்: சூடாக்கிச் சட்டென்று குளிரவைப்பது ‘ஸகால்கா’. அப்படிக் குளிரவைத்த எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கி, நொறுங்கும் தன்மையைக் குறைக்கும் டெம்பரிங் ‘ஓத்புஸ்க்’. ஆபீஸ் லீவுக்கும் இதே சொல்தான், மெஷின் மொழிபெயர்ப்பு எஃகை லீவில் அனுப்பிவிடும், கவனம். மூன்றாவதுதான் சிக்கல். கடினம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது ‘ப்ரகாலிவயெமஸ்த்’. அதிகபட்சம் எவ்வளவு கடினம் ஏறும் என்பது ‘ஸகாலிவயெமஸ்த்’. ஆங்கிலத்தில் ஹார்டனபிலிட்டி என்றால் பெரும்பாலும் முதலாவதுதான். ஜோமினி சோதனை (சூடான கம்பியின் ஒரு முனையை மட்டும் தண்ணீரில் குளிரவைத்துக் கடினத்தை அளப்பது) பக்கத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மயிலாடுதுறை: டஃப்னெஸ்?

பதில்: உடையாமல் தாங்குகிற அந்தக் குணம் ‘வ்யாஸ்கஸ்த்’. எண்ணெயின் பிசுபிசுப்புக்கும் அதே சொல் என்பதால், சார்ப்பி சோதனை (ஊசல் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பது) வரும் இடத்தில் ‘உதார்னயா வ்யாஸ்கஸ்த்’ என்றே எழுதுங்கள்.

திருவெறும்பூர்: ஹெச்.பி. (பிரினெல்), ஹெச்.ஆர்.சி. (ராக்வெல் சி) போன்ற ஹார்ட்னெஸ் குறியீடுகளை ரஷ்ய எழுத்தில் மாற்றணுமா?

பதில்: வேண்டாம், லத்தீன் எழுத்திலேயே இருக்கட்டும். ரஷ்ய விசைப்பலகையில் அடித்தாலும் ஹெச்.பி. அப்படியே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது வேறு எழுத்து. அப்புறம் கோப்பில் தேடினால் கிடைக்காது. பழைய சோவியத் வரைபடத்தில் ஹெச்.ஆர்.சி.க்குப் பின்னால் சின்னதாக ரஷ்ய ‘எ’ இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். திருத்திய அளவுகோலில் எடுத்த மதிப்பு என்பதற்கு அடையாளம் அது. அந்த எழுத்து இல்லாத பழைய எண் கொஞ்சம் விலகியிருக்கும். எந்த அளவுகோல் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.